கொம்பை விட்ட எருமை

என் தம்பி கேதீசன் ஒரு எருமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டே மெலிந்துபோனான். கறக்கிற எருமை என்றால் வீட்டுக்குத் தயிராவது மிஞ்சியிருக்கும். இது டி.வி.க்குள் நின்று சண்டை பிடிக்கிற எருமை. அதையும் அவனேதான் டோஹாவிலிருந்து வாங்கி அனுப்பினான்.

அவனைப் பற்றிச் சொல் என்றால் எங்கள் ஊரில் எல்லாரும் சுனாமியில் தொடங்கிச் சண்டையில் முடிப்பார்கள். அதெல்லாம் ஊருக்கே வந்தது. பொறாமைதான் அவனுடைய சொந்தச் சொத்து. சின்ன வயதில் அம்மா எனக்குப் பெரிய மீன்தலையை வைத்துவிட்டால் அன்றைக்கு அவன் சோற்றைத் தொடமாட்டான். நானும் கொடுக்கமாட்டேன். அக்கா என்றால் மீன்தலையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போய்விட வேண்டும். கேதீசனும் அப்படித்தான் றஞ்சிதாவின் வீட்டுக்குப் போனான். அவளுடைய தாய் பத்தினிப்பிள்ளை ஆசையாகக் கட்டிக் கொடுத்த வீடு, கடல் பக்கம். ஒரு மருமகன்தான் என்பதால் நண்டு வாங்கினால் பெரிய கால் அவனுக்கு. அவனுடைய வாழ்க்கையில் அவன் பொறாமைப்படாமல் இருந்த ஒரே காலம் அதுதான். சுனாமியன்று அவர்கள் எல்லாரும் வாவிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதனால் ஆட்கள் மிஞ்சினார்கள். வீடு மிஞ்சவில்லை. அவன் பச்சை நிறம் அடித்த முன்கதவைக்கூடக் கடல் விட்டுவைக்கவில்லை.

தகரக் கொட்டிலில் ஒரு வருசத்துக்கு மேல் கிடந்த பிறகு ஒரு நிறுவனம் வாவியோரம் வீடு கட்டிக் கொடுத்தது. றஞ்சிதாவுக்கு ஒன்று, பக்கத்தில் தாய்க்கும் தங்கை விதுசாவுக்கும் ஒன்று. சுவர் காய்வதற்குள் சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது. இளந்தாரிகளை அந்தப் பக்கமும் பிடித்தார்கள், இந்தப் பக்கமும் பிடித்தார்கள். கேதீசன் டோஹாவுக்குப் போனான். "ரெண்டு வருசம், கண்ணை மூடித் திறக்கக்குள்ள வந்திருவன்" என்று பஸ் ஏறும்போது றஞ்சிதாவிடம் சொன்னான். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

போன முதல் வருசமே, லீவில் வந்த காத்தான்குடி முனாப் கையில் ஒரு பிளேஸ்டேஷனையும் சில சீடிகளையும் கொடுத்துவிட்டான். முன்னறையில் வைத்து மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடலாம் என்பது யோசனை. ஊரில் அப்படி ஒன்று இல்லை. பெடியன்கள் இலையான் மாதிரி மொய்த்தார்கள். சீடிகளில் கார் ஓட்டுகிறதும் பந்தடிக்கிறதும் இருந்தன. ஆனால் எல்லாரும் கேட்டது மிருகச்சண்டையைத்தான்.

அந்த விளையாட்டில் மாயம் மந்திரம் ஒன்றும் இல்லை. மிருகத்துக்கு என்ன பாரமோ அந்தப் பாரம்தான். யானை ஓடி வந்தால் நினைத்த இடத்தில் நிற்காது, நாலு எட்டுத் தள்ளித்தான் நிற்கும். முதலை தண்ணீருக்குள் மின்னல், கரையில் ஏறினால் சோம்பேறி. குரங்கு நனைந்த பாறையில் குதித்தால் வழுக்கி விழும். முன்னங்காலில் அடிபட்ட கரடி மற்றக் காலில் பாரத்தைப் போட்டு நொண்டிக்கொண்டே அடிக்கும். சேற்றில் நின்றால் கால் புதையும், புதைந்த காலை இழுத்து எடுக்க நேரம் எடுக்கும். நான் முதலில் பார்த்தபோது உண்மையாகவே சேற்றின் மணம் வந்த மாதிரி இருந்தது.

அதில் புலியும் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒருவரும் புலியை எடுக்கவில்லை. வெளியே ரோட்டில் ஆமி ரோந்து போய்க்கொண்டிருக்கும். சிங்கமும் இருந்தது, அதையும் ஒருவரும் தொடவில்லை. ஆளுக்கு ஆள் எருமையைத்தான் எடுத்தார்கள். எருமைக்கு ஒரு கட்சியும் இல்லை.

இரண்டு பேர் ஒரு பக்கம் சேர்ந்து ஆடினால் சில கூட்டு அடிகள் இருந்தன. குரங்கு யானையின் முதுகில் ஏறிப் பாய்வது, கரடி தூக்கி எறிவது, இப்படி. இரண்டு எருமைகளுக்கும் ஒரு கூட்டு அடி உண்டு. கொம்போடு கொம்பு மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் மாதக்கணக்காக ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஏனென்றால் எங்களுக்குக் கொம்பு மாட்டினால் ஒன்றுதான் தெரியும். இழுப்பது.

கண்ணகி அம்மன் கோயிலில் கொம்பு முறிக்கிறது பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாய்ப் பிரியும். இரண்டு வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடு ஒன்று கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும் வரை இரண்டு பக்கமும் இழுக்கும். விடுகிறது என்ற பேச்சே இல்லை. முறிந்தால் வென்ற சேரி மற்றச் சேரியைப் பாட்டில் வைத்து நாறடிக்கும். நாங்கள் வடசேரி. றஞ்சிதா வீட்டார் தென்சேரி. ஆகவே எருமைகள் கொம்பு மாட்டியதும் முன்னறையில் இருக்கிற கூட்டமும் இரண்டாய்ப் பிரிந்து கத்தும். ஒரே பக்கத்து எருமைகள் ஒன்றையொன்று இழுத்து, சுற்றிச் சுற்றி, களைத்து நாக்குத் தள்ளி நிற்கும்போது எதிரி ஆறுதலாக வந்து பின்னங்காலைக் கடித்துவிட்டுப் போகும். சீடியில் பிழை என்று முனாப்பிடம் சொல்லியும் அனுப்பினார்கள்.

அடுத்த வருசம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை மூண்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனமெல்லாம் வாவி தாண்டி இந்தப் பக்கம் வந்தது. அப்படி வந்தவன் சுபாகரன். வெள்ளாமைக்காரன், மெதுவான ஆள், நின்றுகொண்டே சாப்பிடுவான். பள்ளிக்கூட முகாமில் இருந்தவன் மிருகச்சண்டை பார்க்க வந்து, வந்த இடத்தில் விதுசாவைக் கலியாணம் முடித்தான். அதாவது என் தம்பிக்குச் சகலன். இப்போது பத்தினிப்பிள்ளைக்கு இரண்டு மருமகன்கள், அதில் ஒருவன்தான் வீட்டில். நண்டின் பெரிய கால் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஷெல் குண்டு தலைக்கு மேலால் வாவியைத் தாண்டிப் போகிற பின்னேரங்களில் கடைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். றஞ்சிதா, விதுசா, சுபாகரன் மூன்று பேரும் முன்னறையில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஆடுவார்கள். ஒரு நாள் றஞ்சிதாவும் சுபாகரனும் கொம்பு மாட்டியிருக்கும்போது கிட்டவாக ஒன்று விழுந்தது. றஞ்சிதா பயந்து ரிமோட்டை விட்டுவிட்டாள். அவளுடைய எருமை கொம்பைக் கழற்றி, அந்த வேகத்திலேயே பின்னால் சாய்ந்து, சேற்றில் நாலு காலும் மேலே தெரிய விழுந்தது. சுபாகரனின் எருமை சுற்றின சுற்றோடு வில்லை விட்ட அம்பாகப் போய் யானையையே கவிழ்த்துவிட்டது. அப்போதுதான் விளங்கியது. இழுக்க வேண்டும், சரியான நேரத்தில் ஒருவர் விட வேண்டும். விட்டவர் விழத்தான் வேண்டும். விழுந்தது தானாக எழும்பாது. மற்றது திரும்பி வந்து கொம்பை அடியில் கொடுத்துத் தூக்கினால்தான் உண்டு. அது வரையும் உயிர் சொட்டுச் சொட்டாகக் குறைந்துகொண்டிருக்கும்.

அன்றிலிருந்து அவர்களை வெல்ல ஆள் இல்லை. விடுகிறவள் எப்போதும் றஞ்சிதா. போய் இடித்துவிட்டுத் திரும்பி வந்து தூக்குகிறவன் சுபாகரன்.

டோஹாவில் இரண்டு வருசம் முடிந்தது. கேதீசன் வரவில்லை. வீட்டு வளவுக்கு மதில் கட்ட வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் இன்னொரு தரம் கையெழுத்து வைத்துவிட்டான். சண்டை முடிந்தபோதும் அவன் அங்கேதான். வந்தது 2010இல், சொல்லாமல் கொள்ளாமல். றஞ்சிதா திடுக்கிட வேண்டுமாம். எனக்கு மட்டும் சொல்லியிருந்தான், நான்தான் சந்திக்குப் போய்க் கூட்டிவந்தேன். மத்தியானம், முன்னறை நிறைய ஆட்கள். புதுச் சேட்டுப் போட்டு, வாசனைத் தண்ணியும் அடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

"றஞ்சி" என்றான்.

அவள் திரும்பவில்லை. கண் டி.வி.யில்.

"கொஞ்சம் பொறுங்க, கொம்பு மாட்டியிரிக்கு" என்றாள்.

அவன் பொறுத்தான். நாலு வருசம் கழித்து வந்தவன் தன் வாசலில் செருப்போடு நின்று பொறுத்தான். அவளுடைய எருமை விட்டு விழுந்தது. சுபாகரனுடையது பாய்ந்து கரடியைச் சாய்த்தது, திரும்பி ஓடி வந்தது, அவளைத் தூக்கி நிறுத்தியது. கூட்டம் கைதட்டியது. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரல் பிடிபட்டது. ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து அழுதாள். ஆனால் என் தம்பியின் முகம் அந்த நேரத்துக்குள் மாறிவிட்டது. நான் பார்த்தேன்.

"அண்ணே, வாங்க, இரிங்க" என்று சுபாகரன் எழும்பிக் கதிரையைக் கொடுத்தான். அவன் வீட்டிலேயே அவனுக்கு ஒருவன் கதிரை கொடுக்கிறான்.

அடுத்த கிழமையே கேதீசன் றஞ்சிதாவோடு ஆட உட்கார்ந்தான். நேரம் எடுத்துப் பழகினான், மற்ற எல்லாம் நன்றாக வந்தது. கொம்பு மட்டும் சரிவரவில்லை. அவன் இழுப்பான், அவளும் இழுப்பாள். இரண்டு எருமையும் சுற்றிச் சுற்றி நிலத்தில் வட்டச் சால் விழும், சேறு தெறிக்கும், மூச்சு வாங்கும். அவள் விடமாட்டாள். கூட்டம் விடுமா? "வடசேரி! தென்சேரி!" என்று கூவத் தொடங்கிவிட்டது. ஒரு சின்னப் பெடியனின் குரங்கு வந்து வாலைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனது.

"நீங்க விடுங்களன்" என்றாள் அவள்.

"நீதானே விடுற ஆள். நீ விடு" என்றான் அவன்.

இரண்டு பேரும் விடவில்லை.

அன்று பின்னேரம் நான் அவனைத் தனியாகப் பிடித்தேன். "தம்பி, நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா எனக்கும் ரெண்டு கண் இரிக்கி. அவனுக்கெண்டா அவ பொத்தெண்டு விழுறா, உனக்கெண்டா முறுக்கிக்கிட்டு நிக்கிறா. ஏனெண்டு யோசிச்சுப் பாரு" என்றேன். சொன்னதில் என்ன பிழை? இன்றைக்கும் சொல்வேன்.

அதன் பிறகு அவன் செய்த வேலைகளைப் பார்த்து ஊர் சிரித்தது. பொத்தான் இறுகின ரிமோட்டைத் தேடிச் சுபாகரனுக்குக் கொடுத்தான். சுபாகரன் அதையும் வாய் திறக்காமல் வாங்கி ஆடி வென்றான். எருமையை ஒருவரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டான். பெடியன்கள் வேறு வேலைக்குப் போனார்கள், சட்டம் மூன்றாம் நாளே செத்தது. நண்டுக் கறி வைத்தால் "எனக்கு வேணா, வீட்டில இரிந்தவனுக்கு வைங்க" என்று கோப்பையைத் தள்ளினான். பத்தினிப்பிள்ளை பாவம், என்ன கோபமென்று தெரியாமல் இறைச்சி வாங்கிச் சமைத்தாள். கண்ணாடியில் தன் தொப்பையைப் பார்த்தான், பிறகு வரம்பில் நடந்து பழகின சுபாகரனின் காலைப் பார்த்தான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். உள்ளே பற்றி எரிந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து முனாப் ஒரு போட்டி வைத்தான். அவனும் டோஹாவை விட்டு வந்து காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் பெரிதாக கேம் சென்டர் தொடங்கியிருந்தான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வருகிற ஞாயிறு, மிருகச்சண்டை, இரண்டு இரண்டு பேராக. வென்றவர்களுக்குப் புது மெஷின். றஞ்சிதாவும் சுபாகரனும் போவார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

"நான்தான் உன்னோட ஆடுவன்" என்றான் கேதீசன். முன்னறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன், எழும்பிப் போகவில்லை.

"உங்களோட ஆடினா தோப்பம்" என்றாள் றஞ்சிதா.

"அவனுக்கு மட்டும் விழுறாய். எனக்கெண்டா ஏன் விழுறாயில்ல?"

"அவன் கிறுகி வந்து தூக்குவான்."

"நான் வரமாட்டனா?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு வருசம் எண்டு போனீங்க. அது முடிய இன்னொண்டுக்குக் கையெழுத்த வச்சிட்டு, மறுகாதான் எனக்குச் சொன்னீங்க. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

"மதில் கட்டத்தானே நிண்டன்."

"ஷெல் போகக்குள்ள மதிலா வந்து என்னோட இரிந்த?" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் வேணுமெண்டு விடாம இரிக்கல்ல மச்சான். விடத்தான் பாக்கன். உங்களோடயெண்டா கைதான் விடுகுதில்ல."

நான் வெற்றிலையை விழுங்கிவிட்டேன். கேதீசன் எழும்பினான். வெளியே போய் அந்த மதிலில் சாய்ந்துகொண்டு நின்றான்.

போட்டிக்கு அவனைச் சேர்த்தது அவளல்ல, மழை. சண்டை முடிந்து, படுவான்கரையில் காடு பற்றிக் கிடந்த வயல் வட்டையை வெட்டித் திருத்தி அந்த வருசம்தான் சுபாகரன் மாரி வெள்ளாமைக்கு இறங்கியிருந்தான். மழை பிந்தி விழுந்தது, விதைப்பும் பிந்தியது. "மச்சாள், நீங்க அண்ணனோட போங்க. நான் வயலில நிக்காட்டி எல்லாம் போச்சு" என்று சொல்லி விதுசாவையும் கூட்டிக்கொண்டு வாவியைத் தாண்டிப் போய்விட்டான். தம்பிக்குக் கோயில் கொடி ஏறின மாதிரிச் சந்தோசம். ஆனால் அவர்கள் போன பின்னேரம் றஞ்சிதா முன்னறையில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டான். அதற்கும் பொறாமைப்பட்டான். ஆள் இல்லாத கதிரைமேல் பொறாமைப்பட்டவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் காத்தான்குடிக்குப் போனோம். என் மனுசன் வந்தது பிரியாணிக்கு. முனாப்பின் மனைவி றமீஸா பெண்களுக்கென்று ஒரு பக்கம் திரை கட்டி இடம் வைத்திருந்தாள். ஆடுகிறவர்களில் றஞ்சிதா ஒருத்திதான் பெண். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். முதல் ஆட்டங்களை இரண்டு பேரும் கொம்பே மாட்டாமல் வென்றார்கள். அவள் தள்ளுவாள், அவன் இடிப்பான். தனித்தனியாகப் பார்த்தால் அவனும் மோசமில்லை.

கடைசி ஆட்டத்தில் எதிரே இல்ஹாமும் ஹலீமும். உள்ளூர்ப் பெடியன்கள், விரல் தெரியாத வேகம். இல்ஹாம் சிறுத்தை, ஹலீம் முதலை. களம் சதுப்பு நிலம், பாதி தண்ணீர். எருமை பாரமென்றால் சிறுத்தை காற்று. இடிக்கப் போகிற இடத்தில் அது இருக்காது. முதலை தண்ணீருக்குள் இருந்து வந்து காலைக் கவ்வும். இரண்டு எருமைக்கும் உயிர்க்கோடு பாதிக்கும் கீழே போய்விட்டது. கொம்பு மாட்டினால்தான் வழி. றமீஸாவுக்கே அது விளங்கி, "மாட்டுங்க, மாட்டுங்க" என்று திரைக்குப் பின்னால் முணுமுணுத்தாள்.

மாட்டினார்கள். சுற்றத் தொடங்கியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சேறு தெறித்தது. தம்பியின் கழுத்து நரம்பு எனக்குத் திரை இடுக்கால் தெரிந்தது. அவன் எங்கள் கோயில் வீதியில் நின்று இழுக்கிற மாதிரி இழுத்தான். அவளும் இழுத்தாள். விடமாட்டாள், பழைய கதைதான் என்று நான் நினைத்தேன்.

விட்டாள்.

அவளுடைய எருமை பின்னால் சரிந்து சேற்றில் மல்லாந்தது. கேதீசனின் எருமை பறந்து போய்ச் சிறுத்தையின் விலாவில் விழுந்தது. சிறுத்தை உருண்டு, மரத்தில் மோதி, எழும்ப முடியாமல் கால் நடுங்கிக் கிடந்தது. இல்ஹாம் கையை உதறினான். இன்னொரு இடி இடித்தால் அது முடிந்தது. அந்தப் பக்கம் சேற்றில் கிடக்கிற எருமையை நோக்கி முதலை ஊர்ந்து வந்தது. கரையில் அது சோம்பேறி, நேரம் இருக்கிறது. இடித்துவிட்டுத் திரும்பலாம். சுபாகரன் என்றால் அப்படித்தான் செய்வான்.

என் தம்பி இடிக்கவில்லை. அந்த இடத்திலேயே கிறுகித் திரும்பினான். கிறுகி விழுந்தடித்து ஓடினான். சேற்றில் கால் புதையப் புதைய ஓடி வந்து, கொம்பை அவளுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். தூக்கும்போது அவனுடைய வயிறு திறந்து கிடந்தது. முதலை அதைப் பிடித்தது. சிறுத்தையும் எழும்பி வந்தது. அவ்வளவுதான். முனாப் விசில் ஊதினான், காத்தான்குடி கைதட்டியது.

"ஒரு இடி!" றஞ்சிதா எழும்பி நின்று கத்தினாள். அவ்வளவு ஆம்பிளைகளும் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே இல்லை. "ஒரே ஒரு இடி! கால் நடுங்கிக் கிடக்கு, அதை விட்டிட்டு எங்க ஓடி வாறீங்க?"

"நீ கிடந்தாய்" என்றான் அவன்.

"கிடந்தா? நான் எங்க கிடந்தன்? அது எருமை!"

"எனக்குத் தெரியா. நீ கிடந்தாய், நான் வந்திட்டன்."

அவள் ரிமோட்டின் வயரைச் சுற்றிச் சுற்றி மேசையில் வைத்தாள். முனாப் வந்து, "கேதீஸ், டோஹாவிலயும் நீ இப்படித்தான்டா, லேசா முடியிற வேலையப் பாழாக்குவாய்" என்று தோளில் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டான்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் மனுசன் முதலில் ஏறி, இருந்த ஒரு சீட்டிலும் இருந்துகொண்டார். நான் நின்றேன். எனக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். றஞ்சிதா ஏசத் தொடங்கினாள். சிறுத்தையை விட்டதற்கு ஏசினாள். மதிலுக்கு ஏசினாள். அவளைக் கேட்காமல் வைத்த கையெழுத்துக்கு ஏசினாள், சொல்லாமல் வந்து வாசலில் நின்றதற்கும் ஏசினாள். நாலு வருசமாக அவனோடு ஃபோனில் "சுகமா, சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாதவள், ஆரையம்பதி தாண்டியும் நிறுத்தவில்லை. அவன் புது மெஷினையே வென்று கொண்டுபோகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவளுடைய கை கம்பியை விட்டு அவனுடைய சேட்டுக் கையைப் பிடித்தது.

நான் என் மனுசனைப் பார்த்தேன். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார். அவரை நான் கடைசியாக எப்போது அப்படி ஏசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஏசி என்ன வரப்போகிறது என்று எப்போதோ விட்டிருக்கிறேன். எனக்கு றஞ்சிதாவைப் பார்க்கப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. இறங்குகிற இடம் வந்ததும் அவரை எழுப்பாமல் இறங்கிவிட்டேன்.